பழம்பொறிகளைப் படியெடுப்போர்

பழைய கோயிலையும் பழைய நாணயத்தையும் பழைய ஏட்டையும் போற்றுவோர் எந்நாட்டிலும் உளர். பழைய கணிப்பொறியைப் போற்றுவோரும் உளர் என்றால் சிலர் நகைக்கக்கூடும். நேற்று வாங்கியது இன்று பழையதாகிவிடும் இத்துறையில், ஐம்பது ஆண்டுகட்கு முற்பட்ட பொறியை யார்தாம் விரும்புவர்? ஆயினும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், இப்போது ஆங்காங்கே நம் நாட்டிலும், அப்பழம்பொறிகளைத் தம் வீட்டு மேசையில் தம் கையாலேயே மீண்டும் கட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர் இருக்கின்றனர். நம் சட்டைப் பையிலுள்ள கைபேசி செய்யும் வேலையில் இலட்சத்தில் ஒரு பங்கையும் செய்யமாட்டாத பொறிக்காகப் பல மாதங்களைச் செலவிடுவது வெறும் பித்து என்று சொல்வாரும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்து, மின்னணுத் தொழிலிலும் கணிப்பொறித் தொழிலிலும் அமர்ந்திருக்கும் நம்மவர் பலர் இச்சங்கத்தில் இருத்தலால், இவ்வரலாற்றை இம்மலரில் சிறிது விரித்துரைக்க விழைந்தோம்.

கதை 1975-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தொடங்குகிறது. அத்திங்கள் வெளிவந்த ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ என்னும் அமெரிக்க இதழின் அட்டையில் ஒரு பெட்டியின் படம் இருந்தது. ஆல்ட்டேர் 8800 என்பது அதன் பெயர். நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் என்பார் நடத்திவந்த எம்.ஐ.டி.எஸ். என்னும் சிறு நிறுவனம் அதை ஆக்கிற்று. கைக்கணக்குப் பொறிகளை விற்றுப் போட்டியில் நலிந்து, கடனில் மூழ்கியிருந்த நிறுவனம் அது. இன்டெல் 8080 என்னும் நுண்செயலியை உள்ளே வைத்து, உறுப்புகளாகப் பிரித்த தொகுதியை 397 டாலருக்கு விற்க முன்வந்தனர். அரசாங்கமும் பல்கலைக்கழகமும் பெருவணிகரும் மட்டுமே வைத்திருக்கக்கூடியதாயிருந்த கணிப்பொறி, ஒரு குடியானவன் வீட்டிலும் இருக்கலாம் என்ற எண்ணம் அன்று பிறந்தது. சில நூறு பேர் வாங்கினால் கடன் அடையும் என்று எண்ணியிருந்தவர்க்கு ஆயிரக்கணக்கில் ஆணைகள் வந்து குவிந்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதழாசிரியர் படம் எடுப்பதற்காக ஆல்புகர்க்கியிலிருந்து நியூயார்க்கிற்கு இரயில்வழி அனுப்பப்பெற்ற மாதிரிப் பொறி வழியிலேயே தொலைந்து போயிற்று. வேறொன்று செய்ய நாளில்லை. ஆகவே முகப்பில் விளக்குகளும் சுவிட்சுகளும் பொருத்தி, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பெட்டியொன்றை அனுப்பினர். அட்டையில் வெளிவந்த படம் அதுதான். உலகம் முதன்முதலாகக் கண்ட ஆல்ட்டேர் ஒரு போலிப் பெட்டி! இத்துறையில் நகல் முந்திற்று, அசல் பிந்திற்று என்று சொன்னால் அது வெறும் சொல்லழகு அன்று.

இன்னொரு செய்தியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அவ்விதழைக் கண்ட பால் ஆலன், பில் கேட்ஸ் என்னும் இளைஞர் இருவர், ஆல்ட்டேருக்கு ‘பேசிக்’ என்னும் நிரல்மொழியை ஆக்கித் தருவதாக ராபர்ட்சுக்கு எழுதினர். அவர்களிடம் ஆல்ட்டேர் இல்லை. 8080 செயலியும் இல்லை. இன்டெல் வெளியிட்ட கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பி.டி.பி.-10 என்னும் பெரிய பொறியை 8080 போல நடிக்கச் செய்யும் நிரலொன்றை ஆலன் எழுதினார். அந்த நடிப்பின்மீதே பேசிக் மொழி ஆக்கப்பெற்றது. ஆலன் அதனைக் காகித நாடாவில் எடுத்துக்கொண்டு வானூர்தியில் ஆல்புகர்க்கிக்குப் பறந்தார். நாடாவிலிருந்து நினைவகத்தில் ஏற்றுவதற்கான சிறு தொடக்க நிரலை எழுத மறந்தது வழியில்தான் நினைவுக்கு வந்தது. அதனையும் பறந்துகொண்டே எழுதி முடித்தார். உண்மையான ஆல்ட்டேரில் முதன்முதல் ஏற்றியபோதே அம்மொழி இயங்கிற்று. இரண்டும் இரண்டும் நான்கு என்று அச்சிட்டுக் காட்டிற்று. கையேடு ஒழுங்காக எழுதப்பெற்றிருந்தால், கண்ணால் காணாத பொறியையும் கருத்தால் கட்டிவிடலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆல்ட்டேரை வாங்கியவர்க்கு வந்து சேர்ந்தது ஒரு பொறி அன்று; பலகைகளும் சில்லுகளும் மின்தடைகளும் திருகாணிகளும் அடங்கிய பொதி. வாங்கியவரே சூட்டுக்கோல் கொண்டு ஈயப்பற்று வைத்து ஒவ்வொன்றையும் பொருத்தவேண்டும். ஆதலின் இன்று ஒருவர் ஆல்ட்டேரை வீட்டில் மீண்டும் கட்டுகின்றார் எனின், 1975-இல் அதன் முதல் உரிமையாளர் செய்த அதே செயலையே செய்கின்றார். மோட்டார் வண்டியின் நகலுக்கும் கைக்கடிகாரத்தின் நகலுக்கும் இப்பெருமை இல்லை. அங்கே அசல் தொழிற்சாலையில் பிறந்தது. இங்கே அசலும் மேசைமீதுதான் பிறந்தது.

கட்டி முடித்த பின்னரும் பாடு தீர்ந்தபாடில்லை. தொடக்கத்தில் அதன் நினைவகம் 256 பைட் மட்டுமே. விசைப்பலகை இல்லை, திரை இல்லை. முகப்பிலுள்ள 16 சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி நினைவகத்தில் இடத்தைக் குறிக்கவேண்டும். அவற்றுள் எட்டுச் சுவிட்சுகளாலேயே அங்கு வைக்கவேண்டிய எண்ணையும் அமைக்கவேண்டும். விடை சிவந்த சிறு விளக்குகளில் தெரியும். பேசிக் மொழியை ஏற்றவேண்டுமாயின், முதலில் சுமார் 20 எண்களை இவ்வாறு ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்து, பிறகு காகித நாடாவை ஓடவிடவேண்டும். தொலைத்தட்டச்சுப் பொறி நொடிக்கு 10 எழுத்து என்ற வேகத்தில் படிக்கும். 4096 எழுத்துகளுக்கு ஏறத்தாழ ஏழு நிமிடம். இடையில் ஒரு துளை பழுதாயின் மீண்டும் முதலிலிருந்து.

திரையும் ஒலியும் இல்லாத இப்பெட்டி பாடியது எவ்வாறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1975 மார்ச்சு 5-ஆம் நாள், கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் பிரெஞ்சு என்பவரின் வண்டிக்கொட்டிலில் ஆர்வலர் சிலர் கூடி ‘ஹோம்புரூ கணிப்பொறிக் கழகம்’ என்ற அமைப்பைத் தோற்றுவித்தனர். அடுத்த திங்களில் நடந்த கூட்டமொன்றில் ஸ்டீவ் டாம்பியர் என்பவர் தம் ஆல்ட்டேரின்மேல் ஒரு சிறிய வானொலியை வைத்தார். நெடுநேரம் சுவிட்சுகளைத் தள்ளி ஒரு நிரலை ஏற்றினார். வானொலியிலிருந்து மெல்லிசை எழுந்தது. பொறி இயங்கும்போது அதன் கம்பிகளிலிருந்து கசியும் மின்காந்த இரைச்சலை, நிரலின் சுழற்சிகளைக் கூட்டியும் குறைத்தும் சுரமாக அமைத்திருந்தார் அவர். கூடியிருந்தோர் எழுந்து நின்று கைதட்டினர்.

இவ்விசையை நாம் இங்கே நினைவுகூர்வது காரணத்தோடுதான். இரைச்சல் கையேட்டில் எழுதப்பெற்ற உறுப்பு அன்று. எவரும் திட்டமிட்டதும் அன்று. இன்று ஆல்ட்டேரின் நகல்கள் பல வகையாக ஆக்கப்பெறுகின்றன. சிலவற்றில் முகப்பு மட்டுமே பழைய உருவம். உள்ளே உள்ளங்கை அளவினதான இக்காலப் பலகையொன்று 8080 போல நடித்துக்கொண்டிருக்கும். விளக்குகள் அவ்வாறே மின்னும். சுவிட்சுகள் அவ்வாறே சொடுக்கும். பழைய நிரல்களெல்லாம் ஓடும். ஆனால் அதன்மேல் வானொலியை வைத்தால், தனியே ஏற்பாடு செய்திருந்தாலன்றி, அப்பாட்டு எழாது. கூத்தில் அரசன் வேடம் புனைந்தவன் முடி சூடலாம், செங்கோல் பிடிக்கலாம். அரசனுக்கு வரும் தலைவலி அவனுக்கு வராது. விலை மலிவும் எளிமையும் கருதி இவ்வகையை நாடுவோரை நாம் குறை கூறோம். பலர் இத்துறையில் நுழைவதே அவ்வாயில் வழியாகத்தான். ஆயினும் எம் மனம் மற்ற வகையையே நாடுகிறது.

அம்மற்ற வகைக்கு ஏற்ற எடுத்துக்காட்டு ஆப்பிள்-1. ஹோம்புரூ கழகத்து உறுப்பினரான ஸ்டீவ் வாஸ்னியாக் இயற்றிய பொறி இது. 1976-இல் ஸ்டீவ் ஜாப்சும் அவரும் விற்ற இதன் விலை 666 டாலர் 66 சென்ட். ஏறத்தாழ 200 மட்டுமே செய்யப்பெற்றன. அவற்றுள் முதல் 50-ஐ ‘பைட் ஷாப்’ என்னும் கடை வாங்கிற்று. வந்தது ஒரு மின்சுற்றுப் பலகை மட்டும். பெட்டியும் விசைப்பலகையும் மின்மாற்றிகளும் வாங்குவோர் பொறுப்பு. இன்று எஞ்சியிருப்பவை நூற்றுக்கும் குறைவு. 2014-இல் நடந்த ஏலத்தில் ஹென்றி போர்டு அருங்காட்சியகம் ஒன்றனை 905,000 டாலர் கொடுத்து வாங்கிற்று. அவ்வளவு விலைமதிப்புள்ள பொருளில் மின்சாரம் பாய்ச்ச யாருக்குத் துணிவு வரும்? கண்ணாடிப் பேழைக்குள் அது ஓய்வெடுக்கிறது. ஓடும் ஆப்பிள்-1-ஐக் காண விரும்புவோர் பெரும்பாலும் நகலையே நாட வேண்டியிருக்கிறது.

ஆப்பிள்-1-இன் அமைப்பில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி அதன் திரைப்பகுதி. திரையில் 40 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட எழுத்துகள் தோன்றும். ஆக 960 எழுத்து. இவற்றை வைத்திருக்க 1976-இல் நினைவகச் சில்லு மிக்க விலையாயிருந்தது. வாஸ்னியாக் மலிவான வேறொரு சில்லைக் கையாண்டார். நம் நாட்டில் கிணற்றுநீர் இறைக்கும் சக்கரத்தைக் கண்டோர் இதனை எளிதில் அறிவர். சக்கரத்தில் வரிசையாகக் கலயங்கள் கட்டப்பெற்றுச் சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு குறிப்பிட்ட கலயத்தில் எதையேனும் இடவேண்டுமாயின், அது மேலே வரும்வரை காத்திருக்கவேண்டும். அச்சில்லும் அவ்வாறே 1024 துணுக்குகளை ஓயாது சுழற்றிக்கொண்டிருக்கும். ஓர் எழுத்தைக் குறிக்க ஆறு துணுக்குகள். அதற்கு ஆறு சில்லுகள். அடுத்த எழுத்து எங்கு விழவேண்டும் என்பதைக் காட்டும் குறிக்கு ஏழாவது. திரை ஒருமுறை வரையப்படும்போது சக்கரமும் ஒருமுறை சுற்றும். அப்பொழுது ஓர் எழுத்தை மட்டுமே இடலாம். ஆகவே நொடிக்கு 60 எழுத்துக்கு மேல் திரையில் தோன்றாது. இன்று அப்பொறியைக் காண்போர் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வருவதைப் பார்த்து வியப்பர். அது அழகுக்காக அமைந்த நடை அன்று. வறுமை வகுத்த நடை.

இச்சில்லுகள் உற்பத்தி நின்று நெடுங்காலமாயிற்று. பழைய சரக்கில் எங்கேனும் ஒன்றிரண்டு கிடைக்கும். இங்கேதான் படியெடுப்போர் இரு நெறிகளாகப் பிரிகின்றனர். 2003-இல் வின்ஸ் பிரீல் என்பவர் ‘ரெப்ளிகா 1’ என்ற பலகையை வெளியிட்டார். 6502 செயலியும் 256 பைட்டில் அடங்கிய வாஸ்னியாக்கின் மேற்பார்வை நிரலும் அவ்வாறே இருக்க, நினைவகத்துக்கும் திரைக்கும் இன்று எளிதில் கிடைக்கும் சில்லுகளை அமைத்தார். எவரும் ஒரு வார இறுதியில் கட்டி முடிக்கலாம். இம்முயற்சியைத் தழுவி 2005-இல் டாம் ஓவாட் ஒரு நூலே எழுதினார். அதற்கு முன்னுரை தந்தவர் வாஸ்னியாக். மற்றொரு சாரார் ஒரு கம்பி வழியும் மாறாமல் பழைய பலகையை அப்படியே படியெடுத்து, அக்காலச் சில்லுகளையே தேடிப் பொருத்துவர். சில்லின் முதுகில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 7632 என்றிருந்தால் 1976-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். அவ்வெண் 76 என்று தொடங்கவேண்டும் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் உண்டு. பலகையில் நிற்கும் பெரிய நீலநிற மின்தேக்கிகளும் அதே நிறத்தில் வேண்டும். இது சற்று மிகைதான். ஆனால் பக்தியில் மிகை எங்குதான் இல்லை?

மிகைக்கு ஒரு தீங்கும் உண்டு. நகல் முற்றும் அசலாகத் தோன்றுமாயின் அதனை அசல் என்று விற்க முனைவோரும் தோன்றுவர். பழைய சில்லின் எழுத்தைத் தேய்த்துவிட்டு வேறு எழுத்தை அச்சிட்டு விற்கும் வஞ்சகம் மின்னணுச் சந்தையில் புதியதன்று. நகலுக்கும் போலிக்கும் உள்ள வேற்றுமை கைத்திறத்தில் இல்லை. பெயரிடும் நேர்மையில் இருக்கிறது. ‘ரெப்ளிகா’ என்னும் பெயரே நகல் என்று அறிவிப்பதன்றோ?

ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதிய நம் முன்னோர் இவர்களை நன்கு புரிந்துகொண்டிருப்பர். ஓலை இருநூறு முந்நூறு ஆண்டுகளில் செல்லரிக்கும். அதற்குள் ஒருவன் புதிய ஓலையில் அதனை எழுதி வைத்தாலன்றி நூல் மறையும். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது அவர் கையில் இருந்தவை மூல ஆசிரியரின் ஓலைகள் அல்ல, படியின் படிகள். பெயர்த்தெழுதியவனைப் போலி செய்தான் என்று எவரும் பழித்ததில்லை. கணிப்பொறிக்கும் செல் உண்டு. நிரலைத் தாங்கும் ஒருவகைச் சில்லில் எழுத்துகள் மின்னேற்றமாக அடைபட்டிருக்கும். பல்லாண்டுகளில் அவ்வேற்றம் மெல்லக் கசிந்துவிடும். மின்தேக்கிகள் வறண்டுபோகும். நாடாவின் காந்தப் பூச்சு உதிரும். உரிய காலத்தில் படியெடுக்காவிடின் மிஞ்சுவது பெட்டிதான்.

இதனை நன்கு விளக்கும் பொறி கிம்-1. 6502 செயலியை ஆக்கிய மாஸ் டெக்னாலஜி நிறுவனம், அதனைப் பொறியாளர்க்கு அறிமுகப்படுத்த 1976-இல் 245 டாலருக்கு விற்ற ஒற்றைப் பலகை இது. பெயரளவில் 23 விசைகளும் ஆறு இலக்கங்கள் ஒளிரும் காட்சியும் உண்டு. நினைவகம் ஆயிரத்துச் சொச்சம் பைட். அச்சிறு இடத்தில் பீட்டர் ஜென்னிங்ஸ் என்பவர் சதுரங்கம் ஆடும் நிரலொன்றை அவ்வாண்டே எழுதி முடித்தார் என்றால், இன்று நிரல் எழுதும் நம் இளைஞர் நம்பத் தயங்குவர். கிம்-1-இல் 6530 என்னும் இரு சில்லுகள் உண்டு. பொறியை ஆளும் நிரல் தொழிற்சாலையிலேயே அவற்றினுள் வார்க்கப்பெற்றது. அவை இன்று உற்பத்தியில் இல்லை. ஆகவே நகல் செய்வோர் 6532 என்னும் உடன்பிறப்புச் சில்லை இட்டு, நிரலைத் தனியே வேறொரு சில்லில் எழுதி, இரண்டையும் இணைக்கும் கம்பிவழிகளை மாற்றி அமைக்கின்றனர். அவர்கட்கு அந்நிரல் எங்கிருந்து கிடைத்தது? கிம்-1-உடன் வந்த கையேட்டிலேயே அது வரிக்கு வரி அச்சிடப்பெற்றிருந்தது. ஆப்பிள்-1-இன் கையேட்டிலும் மின்சுற்றின் முழு வரைபடமும் மேற்பார்வை நிரல் முழுவதும் இருந்தன. மறைக்காமல் கொடுத்தார்கள், அதனால் அப்பொறிகள் இன்று மீண்டும் பிறக்கின்றன. பூட்டி மூடிய இக்காலக் கைபேசியை ஐம்பது ஆண்டு கழித்துப் படியெடுக்க விரும்புவோன் எந்தக் கையேட்டைப் புரட்டுவான் என்ற கவலை எமக்கு உண்டு.

கிம்-1-ஐக் கண்டதும் நம்மவருள் சிலர்க்குக் கல்லூரி நாள்கள் நினைவுக்கு வந்தே தீரும். நம் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் 8085 செயலியைக் கற்பித்த பயிற்சிப் பலகைகளும் இதே சாயலைக் கொண்டவைதாம்: சிறு விசைகள், சிவந்த இலக்கங்கள், தேர்வறையில் ஒரு விசை தவறியதும் எழும் நடுக்கம். 1984-இல் மைய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தின்வழி நம் பள்ளிகள் பலவற்றுக்கு வந்த பிபிசி மைக்ரோ என்னும் பிரிட்டானியப் பொறியும் 6502 செயலியையே கொண்டிருந்தது.

பொறிக்கு வாய்த்த துணைக்கருவிகளின் கதை தனியே எழுதத்தக்கது. ஒன்றை மட்டும் சொல்கிறோம். நிரலைச் சேமித்து வைக்க அந்நாளில் மலிவாகக் கிடைத்தது பாட்டுக் கேட்கும் கேசட் நாடா. ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையில் அதில் எழுதியதால் ஒருவர் நாடாவை மற்றவர் படிக்க இயலவில்லை. 1975 நவம்பரில் கான்சஸ் நகரில் கூடி ஒரு பொதுமுறை வகுத்தனர். நொடிக்கு 1200 அதிர்வுடைய ஒலி நான்கு சுற்று வந்தால் அது சுழி. 2400 அதிர்வுடைய ஒலி எட்டுச் சுற்று வந்தால் அது ஒன்று. நொடிக்கு 300 துணுக்குகள். கேட்பதற்குச் சீழ்க்கையும் கீச்சொலியும் கலந்ததுபோல் இருக்கும். இன்று நகற்பொறி வைத்திருப்போர் பலர் கேசட் கருவியைத் தேடி அலைவதில்லை. அதே கீச்சொலியைக் கைபேசியில் சேமித்துவைத்து, ஒரு கம்பியின்வழி பழம்பொறிக்கு ஊட்டுகின்றனர். பேரன் பாட்டனுக்குச் சோறூட்டும் காட்சி அது.

உறுப்புகளைத் தேடுவோர்க்குப் பெங்களூரின் எஸ். பி. சாலையும் மும்பையின் லேமிங்டன் சாலையும் சென்னையின் ரிச்சி தெருவும் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் காலம் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்து வருகிறது. 1976-இல் வெளிவந்த இசட்-80 செயலியின் தனிச் சில்லுக்கு ஸைலாக் நிறுவனம் 2024-இல் கடைசி ஆணைகளைப் பெற்றுக்கொண்டு விடை கொடுத்தது. 1975-இல் 25 டாலருக்கு விற்று உலகை வியக்கவைத்த 6502-இன் வழித்தோன்றல் மட்டும், அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள வெஸ்டர்ன் டிசைன் சென்டரின் பெயரால் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது.

ஆப்பிள்-1-இன் நகலைக் கட்டி முடித்தவர் முதலில் செய்யும் சோதனை ஒன்று உண்டு. அதுவும் 1976-இன் கையேட்டில் உள்ளதே. மின்சாரம் கொடுத்துத் திரையைத் துடைத்து, மீட்டமைக்கும் விசையை அழுத்தினால், கருந்திரையில் ஒரே ஒரு சாய்கோடு தோன்றும். பொறி விழித்துக்கொண்டது என்பதற்கு அறிகுறி அது. பிறகு கையேட்டில் கண்டபடி 11 எண்களைத் தட்டி ஓடவிடவேண்டும். பற்று ஏதேனும் தவறியிருந்தால் ஒன்றும் நிகழாது. எல்லாம் சரியாக இருந்தால், அப்பொறி அறிந்த எழுத்துகளெல்லாம் நொடிக்கு 60 என்று ஒன்றன்பின் ஒன்றாக, வரி வரியாக, மீண்டும் விசையை அழுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.